வாடித் தராசும் பெரிய டொக்டரின் படிக்கல்லும்

என் மகள் பிறந்த முதல் ஆறு மாதங்களில் நான் பயப்பட்ட விடயங்களை எழுதினால் அதுவே தனிப் புத்தகமாகும். அவள் தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம். நித்திரை கொண்டால் மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். அவள் விழித்து அழுவாள். பிறகு ஏன் அழுகிறாள் என்று பயப்படுவேன். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவள் நான். படித்ததால் பயம் குறையவில்லை. பயப்படுவதற்குக் கூடுதலான நோய்களின் பெயர்கள் தெரிந்தன, அவ்வளவுதான்.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. இழுவைப் படகில் போய்ப் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டிக் கரைக்குக் கொண்டு வருகிறவர். ஒரு பிரச்சினை அவர் கண்ணில் பட வேண்டுமென்றால் அது கப்பலின் பருமனிலாவது இருக்க வேண்டும். என் மகளோ பிறக்கும்போதே நிறை குறைவு.

"ஒண்டும் இல்லையப்பா, வளர்ந்திடுவாள்" என்பார்.

"எப்பிடித் தெரியும்?"

"நான் வளரேல்லையே?"

இதுதான் அவருடைய விஞ்ஞானம்.

நிறை குறைந்து பிறந்த பிள்ளை என்பதால் மாதமொரு முறை சிறுவர் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் ஒரு பெண். பொறுப்பு வைத்திய அதிகாரி என்று கதவில் எழுதியிருந்தாலும் ஊரில் அவர் 'பெரிய டொக்டர்' மட்டும்தான். உருவத்தில் சிறியவர். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் இருந்ததை நான் ஒருநாளும் காணவில்லை. தன் மேசையை நடைபாதையின் முடிவில், தராசுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். அங்கே இருந்தால் தாய்மார் தங்களுக்குள் கதைப்பது முழுவதும் கேட்கும். "டொக்டரிட்டச் சொல்லுறது பாதிப் பொய். பக்கத்தில இருக்கிறவவிட்டச் சொல்லுறதுதான் உண்மை" என்பது அவருடைய கொள்கை. பக்கத்துக் கதிரைக்காரியிடம் யாராவது "ரெண்டு நாளா பிஸ்கற் மட்டும்தான் குடுக்கிறன்" என்று மெல்லச் சொன்னால், தூரத்திலிருந்து "ஏன், பிஸ்கற் மரத்திலயோ காய்க்குது?" என்று ஒரு குரல் வரும்.

ஆஸ்பத்திரிச் சுவரில் முன்பு பெரிய யானை ஒன்று வரைந்திருந்ததாம். நகரத்துப் பிள்ளைகள் சிரித்தன. காட்டோரத் தம்பலகாமத்திலிருந்து வந்த பிள்ளைகள் கண்டவுடனே கத்தத் தொடங்கின. அவர்களுக்கு யானை என்றால் இரவில் வேலியை முறித்துக்கொண்டு வருவது. பெரிய டொக்டர் உடனே யானையை அழிப்பித்து மான் வரையச் சொன்னார். எங்கள் நகரத்தில் மான்கள் வீதியிலேயே திரிவதால் அதை ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அதுதான் எனக்கு வேணும். அழாம இருந்தால் காணும்" என்றாராம். ஒரு ஆஸ்பத்திரியை நடத்துவது என்றால் இப்படிப்பட்ட விடயங்கள்தான் போலும்.

இந்தக் கதைகளை எனக்குச் சொன்னவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு லாத்தா. முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆறாம் மாதக் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய மடியில் இருந்தது நான்காவது பிள்ளை. மூத்தவன் கட்டாரில் வேலை.

"அந்தக் காலத்துல இவங்க சின்ன டொக்டர், தங்கச்சி" என்றார். "பிரச்சினை நேரம், சண்ட நடந்த காலம். கட்டடமும் இல்ல, தராசும் இல்ல. வள்ளத்துல ஏறி ஊர் ஊரா வருவாங்க. எங்கட மூத்தவன மீன் தராசுலதான் நிறுத்தாங்க."

"மீன் தராசிலயோ?"

"ஓம். அதுல நிறுத்த புள்ளதான் இப்ப கட்டார்ல மூட்ட தூக்குறான்."

மீன் தராசு என்ற அந்த வார்த்தை என் காதுக்குள் போய் அங்கேயே இருந்துவிட்டது.

அந்த மாதம்தான் மகளுக்குச் சோறு கரைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். கொடுத்ததில் பாதி என் சட்டையில், கால்வாசி சுவரில். மிச்சம் உள்ளே போனதா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் நான்கு கிழமை இருந்தது. அதுவரைக்கும் பிள்ளை மெலிந்து போனால் யாருக்குத் தெரியும்? பெரிய டொக்டரே மீன் தராசில் நிறுத்திருக்கிறார் என்றால் நான் நிறுப்பதில் என்ன பிழை? யோசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை யோசித்தேன். அப்போதும் தெரியவில்லை.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன்வாடி வைத்திருக்கிறார். கடலுக்குப் போய் வருகிறவர்கள் மீனை அவருடைய தராசில் போட்டு அவருக்கு விற்பார்கள். அவர் அதை லொறியில் கொழும்புக்கு அனுப்புவார். புதிய தராசு. கீழே அகலமான தட்டு, மேலே சிவப்பு எழுத்தில் புள்ளி போட்டு நிறையைக் காட்டும். ஆஸ்பத்திரித் தராசோ பச்சைப் பெயின்ற் உரிந்த பழைய முள்ளுத் தராசு.

ஒரு நாள் காலையில் பிள்ளையோடு போய் நின்றேன்.

"மீன் தராசில பிள்ளையையோ?" என்றார் அத்தான். அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. ஊத்தை பிடிக்கும் என்று நினைக்கிறார் போல என்று எண்ணி, நானே தட்டைக் கழுவித் துடைத்துத் துவாய் விரித்து, துவாயின் நிறையைக் கழித்து, மகளை வைத்தேன். சிவப்பு எழுத்துகள் ஓடி நின்றன.

கிளினிக்கில் ஒரு கிழமைக்கு முன்பு இருந்ததைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைவு.

பிள்ளையை வாரித் தூக்கினேன். "அத்தான், பிள்ளை மெலிஞ்சு போச்சு!"

"சீச்சீ, மெலியேல்லை பிள்ளை. கொஞ்சம் கூட்டிப் பாரும்."

"என்னண்டு கூட்டுறது? தராசு சொல்லுதே!"

"தராசு சொல்லும். நீர் கொஞ்சம் கூட்டிப் பாரும். கடல்காத்துக்கு… அது அப்பிடித்தான்." அவர் வேறு பக்கம் பார்த்தார். மீன் போட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் பால் சுரக்கட்டும் என்று ஒரு பெரிய பால்சுறாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அத்தான் அப்படிக் காசில்லாமல் மீன் அனுப்புகிற ஆள் இல்லை. எங்கள் நிலைமை அவ்வளவு மோசம் என்று எனக்கு இன்னும் பயம் கூடிற்று.

பிறகு கிழமைக்குக் கிழமை போனேன். நிறை கொஞ்சம் ஏறியது. ஆனால் ஏறியும் கிளினிக்கில் இருந்த இடத்தை எட்டவில்லை. ஒருமுறை நானும் தட்டில் ஏறி நின்று பார்த்தேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இறங்க மாட்டேன் என்றிருந்த என் நிறை நன்றாக இறங்கியிருந்தது. சந்தோஷப்பட்டேன். எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற எனக்கு அதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "உன்ர பால் வத்திப் போச்சு. சும்மா படிச்ச பெருமையில பிள்ளையைப் பட்டினி போடாத. மாப்பால் குடு."

நான் ஒரு பால்மா ரின் வாங்கி அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். உடைக்கவில்லை. உடைத்தால் என் பால் காணாது, போதாது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். உடைக்காமல் விட்டால் பிள்ளை என்னாகும்? பால் கொடுக்கும்போது அவள் விழுங்கும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பேன். வாய்க்குள் ஒன்றும் வராமல் சும்மா விழுங்குகிறாளோ என்று தோன்றும். கிளினிக்கில் பெரிய டொக்டரும் நிறை காணாது என்று சொன்னால் ரின்னை உடைப்பது என்று தீர்மானித்தேன்.

ஏழாம் மாதக் கிளினிக். தாதி மகளைப் பச்சைத் தராசில் வைத்தார். "வடிவாக் கூடியிருக்கு" என்றார்.

நான் அசையவில்லை. வேறொரு தாயாக இருந்தால் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். என் மனதில் ஒரு பக்கம் உரிந்த பச்சைப் பெயின்ற்றும் மறுபக்கம் சிவப்பு எழுத்தும் நின்றன.

"என்ன பிள்ளை, கூடியிருக்கு எண்டு சொல்ல முகத்தைத் தொங்கப் போடுறீர்?" பெரிய டொக்டர் கேட்டார். அவர் வேறொரு பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் முகத்தையும் பார்த்திருக்கிறார்.

"டொக்டர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"உங்கட தராசு… சில வேளை பிழையா இருக்குமோ?"

நடைபாதையில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் கதையை நிறுத்தினார்கள். தாதி என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு ஊசி போடுவதா கட்டிலில் போடுவதா என்ற யோசனை இருந்தது.

"மிஸ், என்ர பாக்கை ஒருக்கா எடுங்கோ" என்றார் பெரிய டொக்டர்.

தாதி அந்தக் கைப்பையை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். டொக்டர் அதிலிருந்து ஒரு குடை, ஒரு சீப்பு, பாதி தின்ற பணிஸ் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். கடைசியாக ஒரு குழந்தைக் காலுறைக்குள்ளிருந்து இரும்புப் படிக்கல் ஒன்றை உருவினார். அந்தக் காலத்துக் கடைகளில் தராசுத் தட்டில் வைக்கும் படிக்கல். அரசாங்க முத்திரை குத்தியது. அதைப் பச்சைத் தராசில் வைத்தார். முள் போய் இரண்டில் நின்றது.

"இது எத்தினை கிலோ?"

"ரெண்டு, டொக்டர்."

"தராசு என்ன சொல்லுது?"

"ரெண்டு."

"அப்ப பிழை எங்க?"

"என்னில."

"உம்மில எண்டு நான் சொல்லேல்லையே. வேற எங்க கொண்டுபோய் நிறுத்தனீர்?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மீன்வாடியில் என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ரோசமும் சேர்ந்து வந்தன. "நீங்களும்தானே டொக்டர் முந்தி மீன் தராசில நிறுத்தனீங்கள்!"

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிறிய உருவத்திலிருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நிறுத்தனான்தான். அதாலதான் இந்தக் கல்லைக் காவித் திரியிறன். நான் வந்த புதுசில, ஒரு ஊரில பிள்ளையள் எல்லாம் நல்ல புஷ்டி. எனக்குப் பெரிய சந்தோசம், அறிக்கையும் எழுதிப்போட்டன். பிறகு பாத்தால் தராசுத் தட்டில செதிலும் உப்பும் காய்ஞ்சு ஒரு தடிப்புக்கு ஒட்டியிருக்கு. பக்கத்து ஊரில பிள்ளையள் எல்லாம் நோஞ்சான். அழுதுகொண்டு மேலிடத்துப் பெரியவைக்கு எழுதி, ரெண்டு வள்ளம் சத்துமா எடுப்பிச்சன். அங்க தராசுக்காரன் கள்ளன்." அவர் கல்லைத் திரும்பக் காலுறைக்குள் போட்டார். "சத்துமாவைப் பிள்ளையள் சாப்பிட்டதுகள், அதில நட்டமில்லை. அண்டையில இருந்து நான் தராசை முதல்ல நிறுக்காமல் பிள்ளையை நிறுக்கிறேல்லை. இந்த ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பெடுத்த முதல் நாளும் இதைத்தான் செய்தனான். ஒரு பக்கத் தோள் பதிஞ்சு போச்சு, பாரும்."

பார்த்தேன். ஒரு தோள் கொஞ்சம் பதிந்துதான் இருந்தது.

"ஆனா டொக்டர், அந்தத் தராசில எத்தினையோ பேர் மீன் நிறுக்கினம். ஒருத்தரும் பிழை எண்டு சொல்லேல்லை. அது புதுத் தராசு." இதைச் சொல்லும்போதே ஏன் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சந்தேகம் தீர்ந்தால் அடுத்தது வந்து அதன் கதிரையில் இருந்துவிடும். அதுதான் என் இயல்பு.

பெரிய டொக்டருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். என்னோடு வாதாடவில்லை. "நீர் இப்ப வீட்டை போய் என்ன செய்வீர்?"

"பால்மா ரின் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன். உடைக்கிறதோ விடுறதோ எண்டு…"

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உடைக்காதையும். காலமை நான் மீன் வாங்க வாறன். எந்த வாடி?"

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். பெரிய டொக்டர் மீன் வாங்க வருகிறார் என்று மட்டும்தான் சொன்னேன். கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிறு காலையில் நான் பிள்ளையோடு போனபோது அத்தான் வாடியைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, மணிக்கூடு கட்டி, கல்யாணச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வீட்டிலிருந்து ஒரு கதிரை வந்திருந்தது. அதில் பூப்போட்ட துணி விரித்திருந்தது.

பெரிய டொக்டர் ஆட்டோவில் வந்திறங்கினார். வரிசையில் மீன்காரர் நின்றார்கள். முன்னால் நின்றவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் அவர் காக்கா; அவருடைய கூடையில் சூரை மீன் நிறைய இருந்தது.

"இருங்கோ டொக்டர், இருங்கோ. பாரை பாருங்கோ, இப்பதான் வந்தது. கண்ணைப் பாருங்கோ" என்றார் அத்தான்.

"பாப்பம் தம்பி. முதல்ல இதை ஒருக்கா நிறும்."

அவர் காலுறையை உருவிக் கல்லைத் தட்டில் வைத்தார். சிவப்பு எழுத்துகள் ஓடி நின்றன. இரண்டில் அல்ல. இரண்டுக்குக் கீழே, நல்ல கீழே.

அத்தான் சேர்ட் கையால் தட்டின் விளிம்பைத் துடைத்தார்.

"கடல்காத்து, டொக்டர்" என்றார் அத்தான். "கடல்காத்துக்குத் தராசு கொஞ்சம் இறங்கும்."

"கடல்காத்து எனக்கும்தான் இருவது வருசமா அடிக்குது தம்பி. நான் இறங்கேல்லையே. இந்தத் தராசு எத்தினை மாசமா இப்பிடி மெலிஞ்சு கிடக்கு? நேரத்தோட என்னட்டக் கொண்டு வந்திருக்கலாமே?"

காக்கா தன் சூரைக் கூடையைக் கீழே வைத்தார். தட்டைப் பார்த்தார், என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"அல்லாவே! பச்சப் புள்ளைக்கே குறைச்சுப் போட்டிருக்காரு. நாம எம்மாத்திரம்!"

அவ்வளவுதான், வாடி எழும்பிவிட்டது. "அண்ணை, அப்ப என்ர அறுக்குளாவும் மெலிஞ்ச அறுக்குளாவோ?" என்று ஒருவர் கேட்டார். "டொக்டர், எங்கட மீனுக்கும் சத்துமா எழுதித் தாங்கோ!" என்று நிலாவெளிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். அத்தானின் கல்யாணச் சேர்ட் முதுகில் ஒட்டிவிட்டது. அவர் கூட்டத்தை விட்டுவிட்டு என்னிடம்தான் வந்தார். "பிள்ளை, நான் ஒவ்வொரு தரமும் சொன்னனான்தானே, கொஞ்சம் கூட்டிப் பாரும், கூட்டிப் பாரும் எண்டு?" அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. அந்த மனிதர் ஒரு மாதமாக நான் அழுவதைப் பார்த்திருக்கிறார். இத்தனை பேருக்கு முன்னால் அதற்குமேல் சொல்ல முடியாமல் பால்சுறா அனுப்பியிருக்கிறார். அவரைக் கோபிப்பதா, இரங்குவதா என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

"பிள்ளையை வையும்" என்றார் பெரிய டொக்டர் என்னிடம். வைத்தேன். "நீர் விஞ்ஞானம் படிச்சனீர்தானே? ரெண்டு கிலோவுக்கு இவ்வளவு குறைஞ்சால் இதுக்கு எவ்வளவு கூட்ட வேணும்? பாரும்."

மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். வந்த விடை பச்சைத் தராசு சொன்ன அதே நிறை. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். அதே விடை. தலைக்குள் ஒரு மாதமாக இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது.

"அப்ப… பால் காணும்தானே டொக்டர்?"

"காணும்."

"அந்த ரின்?"

"உடைக்கேல்லைத்தானே? கடையில திருப்பிக் குடும்." பிறகு என் முகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்தார். "வேற என்ன?"

"ஒண்டுமில்லை டொக்டர். நானும் ஒருக்கா ஏறிப் பாத்தனான்…"

"ஓம். நீரும் மெலியேல்லை."

காக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"இன்னும் கேளும்" என்றார் டொக்டர். "அடுத்த கிளினிக் வரைக்கும் இந்தப் பிள்ளையை ஒருத்தரும் எங்கயும் நிறுக்கக் கூடாது. வாடியிலயும் இல்லை, மரக்கறிக் கடையிலயும் இல்லை. விளங்குதோ?"

"ஓம் டொக்டர்" என்றேன். விளங்கியது. என்னால் ஏலுமா என்பதுதான் தெரியவில்லை.

இவ்வளவு சத்தத்தில் மகள் பசித்து அழத் தொடங்கினாள். போக இடமில்லை. முன்னால் மீன்காரர், பின்னால் ஐஸ் பெட்டிகள். பெரிய டொக்டர் தனக்கென்று வைத்திருந்த பூப்போட்ட துணிக் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, தன் குடையை விரித்து எனக்கு மறைப்பாகப் பிடித்தபடி, தோளுக்கு மேலால் அத்தானோடு பாரைக்கு விலை பேசினார். யாரோ பக்கத்து வாடித் தராசைத் தூக்கி வரப் போனார்கள். அதையும் முதலில் நிறுக்க வேண்டும் என்று காக்கா கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மகள் குடித்தாள். இடையில் ஒருமுறை நிறுத்தி, குடையின் கம்பியைப் பார்த்தாள், மறுபடி குடித்தாள். நான் விழுங்கும் சத்தத்தைக் கேட்க முயன்றேன். மீன் தட்டில் விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. குடித்து முடிந்ததும் அவளே வாயை எடுத்துவிட்டு நித்திரையாகிவிட்டாள்.